உழைப்பவர்க்கு ஓர் இருக்கை



வீட்டில் நல்ல நாற்காலி யாருக்கு உரியது? இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட கேள்வி இதுவே. கேட்பதற்கு மிகச் சிறியதாகத் தோன்றும். ஆனால் இதற்கு நாம் அளிக்கும் விடையில் பிள்ளைகளின் முதுகெலும்பும், அவர்தம் ஊதியமும், ஒரு வகையில் வீட்டின் நீதியும் அடங்கியிருக்கின்றன.

2020 மார்ச்சு 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. சென்னையிலும் பெங்களூரிலும் கணிப்பொறிப் பணியில் இருந்த நம் மக்கள் தங்கள் மடிக்கணினிகளுடன் பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்துச் சிற்றூர்களுக்குத் திரும்பினர். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் உலர்ந்த முற்றங்களிலும், முந்திரிக்காட்டு ஓரத்து வீடுகளிலும் அலுவலகங்கள் முளைத்தன. அவ்வாண்டு நவம்பரில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையும் தன் விதிகளைத் தளர்த்தி, வீட்டிலிருந்தே பணிபுரிவதற்கு வழியை எளிதாக்கிற்று. பின்னர்ப் பல நிறுவனங்கள் ஊழியரை மீண்டும் அழைத்துக்கொண்டன என்பது உண்மையே. ஆயினும் வாரத்தில் சில நாள்களேனும் வீட்டிலிருந்து உழைப்போர் இன்றும் நம் பங்குகளில் பலர் உள்ளனர். கணக்கு எழுதித் தருவோர், இணையவழி பாடம் நடத்துவோர், மொழிபெயர்ப்போர், போட்டித் தேர்வுக்கு நாள்முழுதும் படிப்போர் ஆகியோரையும் சேர்த்துக்கொண்டால், இந்தக் கேள்வி தொடாத தெரு இல்லை எனலாம்.

இவர்கள் எங்கே அமர்ந்து வேலை செய்கின்றனர்? ஒருவர் கட்டிலின் மேல், தலையணையை மடியில் வைத்து. மற்றொருவர் சாப்பாட்டு மேசையருகே, முதுகில்லாத முக்காலியில். இன்னொருவர் பந்தலுக்கு வாடகைக்கு விடப்படும் பிளாஸ்டிக் நாற்காலியில். ஆறு மாதம் செல்கிறது. இடுப்பில் வலி தொடங்குகிறது. ஓராண்டு செல்கிறது, வலி தொடை வழியே காலுக்கு இறங்குகிறது. இருபத்தாறு வயதுப் பிள்ளை எழுபது வயதுப் பாட்டனாரைப் போலச் சுவரைப் பிடித்து எழுகிறான். வீட்டார் எண்ணெய் தேய்த்து விடுகின்றனர்; மாத்திரை வாங்கித் தருகின்றனர். வலியை உண்டாக்கும் இருக்கையை மட்டும் எவரும் மாற்றுவதில்லை.

நம் வீட்டு இருக்கைகள்

நம் வீடுகளில் இருக்கைகளுக்குக் குறைவில்லை. திண்ணை உண்டு, அது வழிப்போக்கருக்கும் மாலைப் பேச்சுக்கும் உரியது. மணைப்பலகை உண்டு; அது உண்பதற்கு. சாய்வு நாற்காலி உண்டு. அது பெரியவர் ஓய்வெடுப்பதற்கு. கூடத்தில் மெத்தை இருக்கை உண்டு, அது விருந்தினர்க்கு. பிளாஸ்டிக் நாற்காலியோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பதற்கென்றே வார்க்கப்பட்டது. அதன் இருக்கைப் பகுதி பெரும்பாலும் பின்னோக்கிச் சரிந்திருக்கும். திருமண வீட்டில் அரைமணி நேரம் அமர அது போதும். எட்டு மணி நேரம் அமர்ந்து, கண்ணை ஒரு திரையிலும் கையை ஒரு பலகையிலும் வைத்து உழைப்பதற்கென்று நம் வீடுகளில் எந்த இருக்கையும் இருந்ததில்லை. அத்தகைய வேலை நம் வீடுகளுக்குள் அதுவரை வந்ததில்லை என்பதே காரணம். வேலை வந்துவிட்டது, அதற்குரிய இருக்கை இன்னும் வந்து சேரவில்லை.

"நம் முன்னோர் தரையில் அமர்ந்துதானே எல்லா வேலையும் செய்தனர்? அவர்களுக்கு ஏது முதுகுவலி?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூருக்குச் சென்று பாருங்கள். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற மரச் சிற்பங்கள் அங்கே உருவாகின்றன. சிற்பி தரையில் அமர்ந்துதான் உளி பிடிக்கிறார். ஆனால் அவர் உடல் ஓரிடத்தில் உறைந்து நிற்பதில்லை. ஒரு காலை மடக்குகிறார், மறு காலை நீட்டுகிறார், மரத்தைச் சுற்றி நகர்கிறார், எழுந்து நின்று தம் வேலையைத் தூரத்திலிருந்து பார்க்கிறார். பழைய கணக்குப்பிள்ளையும் தரையில்தான் அமர்ந்தார். ஆனால் அவர்முன் சாய்வான மூடியுடைய கணக்குப் பெட்டி இருந்தது. ஏடு கண்ணுக்கு அருகே உயர்ந்து நின்றதால் கழுத்து அதிகம் வளையவில்லை. மடிக்கணினியில் நிலைமை வேறு. திரையும் விசைப்பலகையும் ஒன்றோடொன்று இணைந்தவை. கைக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் கண் தாழ்கிறது. கண்ணுக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் தோள் தூக்கிக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் அசையாதிருக்கிறது உடல். முன்னோர் கெட்டிக்காரர்கள் என்பதில் ஐயமில்லை. அவர்கள் இந்த வேலையைச் செய்யவில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

பழைய மருத்துவர் ஒருவர் கண்டது

உட்கார்ந்து செய்யும் வேலையும் உடலைக் கெடுக்கும் என்பது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட செய்தியன்று. இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்தினோ ராமஸ்ஸினி என்பார், தொழில்களால் வரும் நோய்களைப் பற்றி 1700-இல் இலத்தீன் மொழியில் நூலொன்றை வெளியிட்டார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் வினாக்களோடு, என்ன தொழில் செய்கிறாய் என்பதையும் கேளுங்கள் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியவர் அவர். புனித அந்தோணியாரால் நாம் நன்கறிந்த பதுவை நகரத்துப் பல்கலைக்கழகத்திலும் அவர் பேராசிரியராய் இருந்தார். 1713-இல் வெளிவந்த விரிவான பதிப்பில் எழுத்தர்களின் நோய்களையும் சேர்த்தார். ஓயாமல் உட்கார்ந்திருத்தல், கையை ஒரே விதமாக இடைவிடாது அசைத்தல், பிழை நேரக்கூடாதே என்னும் மனச்சுமை ஆகிய மூன்றுமே எழுத்தரை வாட்டுகின்றன என்றார். இறகுப் பேனாவை எடுத்துவிட்டுச் சுட்டியைக் கையில் கொடுத்தால், அந்த மூன்றும் இன்றைய நம் பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தும்.

உடலுக்குள் நடப்பது என்ன என்பதையும் சுருக்கமாக அறிவோம். முதுகெலும்பு நேரான கம்பு அன்று. இடுப்புப் பகுதியில் அது முன்னோக்கி இலேசாக வளைந்திருக்கிறது. அங்குள்ள ஐந்து முள்ளெலும்புகளுக்கிடையே மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. நாம் நிற்கும்போது இயல்பாய் இருக்கும் அந்த வளைவு, ஆதரவின்றி உட்கார்ந்ததும் தட்டையாகிறது. இடுப்பெலும்பு பின்னோக்கிச் சுழல்வதே காரணம். சுவீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960-களில் உயிருள்ள மனிதர்களின் வட்டுகளுக்குள்ளேயே ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட, சாய்மானமின்றி உட்காரும்போது அழுத்தம் மிகுவதை அவர் கண்டார். பின்னாளில் நடந்த அளவீடுகள் அந்தக் கணக்கைச் சற்றே திருத்தியுள்ளன. ஆயினும் முன்னோக்கி வளைந்து உட்கார்ந்தால் அழுத்தம் ஏறுகிறது, முதுகைச் சாய்த்தால் இறங்குகிறது என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. தலையின் எடை ஏறத்தாழ ஐந்து கிலோ. குனிந்த கழுத்து அந்த எடையை நாள்முழுதும் கயிறு கட்டி இழுப்பதுபோல் தாங்க நேர்கிறது.

வேலையை மனிதனுக்கு ஏற்ப அமைக்கும் இந்தக் கல்விக்குத் தமிழில் பணிச்சூழலியல் என்று பெயர். அதன் அடிப்படை மிக எளியது. மனிதன் நாற்காலிக்குத் தக்கபடி தன்னை ஒடுக்கிக்கொள்வது முறையன்று. நாற்காலியே மனிதனுக்குத் தக்கபடி மாற வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் முறை

கடையில் நாற்காலியைப் பார்த்ததும் அதன் நிறத்தையும் மினுமினுப்பையும் கண்டு மயங்குதல் இயல்பு. பந்தயக் கார் இருக்கையைப் போல் வடிவமைத்த நாற்காலிகள் இளைஞரைக் கவர்கின்றன. தோற்றத்தை ஒதுக்கிவிட்டுக் கீழ்க்கண்டவற்றைச் சோதித்துப் பாருங்கள்.

முதலாவது, உயரம். அமர்ந்தால் இரு பாதங்களும் தரையில் முழுமையாய்ப் படிய வேண்டும். தொடை தரைக்கு இணையாகவோ, முழங்கால் சற்றே தாழ்ந்தோ இருக்க வேண்டும். நெம்புகோலை இழுத்தால் ஏறி இறங்கும் வாயு உருளை உள்ள நாற்காலியே வேண்டும். ஒரே நாற்காலியைத் தாயும் மகனும் மாறி மாறிப் பயன்படுத்தும் வீடுகளில் இது இன்றியமையாதது. அயல்நாட்டு அளவில் செய்யப்பட்ட நாற்காலிகள் முற்றிலும் இறக்கிய பின்னும் குட்டையான நம் பெண்மக்களுக்கு உயரமாகவே இருப்பதுண்டு. இந்தியர் உடலளவுகள் வேறு என்பதனாலேயே அகமதாபாத்துத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-இல் அவற்றைத் தொகுத்து நூலாக வெளியிட்டது. பாதம் எட்டாவிடில் கவலை வேண்டாம். பாட்டியின் பழைய மணைப்பலகை பரணில் இருக்கும். அதை எடுத்துப் பாதத்துக்குக் கீழ் வையுங்கள். அதைவிடச் சிறந்த கால்தாங்கி கடையிலும் இல்லை.

இரண்டாவது, ஆழம். முதுகு சாய்மானத்தில் படும்படி நன்றாகப் பின்னுக்குத் தள்ளி அமருங்கள். இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழையும் இடம் இருக்க வேண்டும். இடமில்லையேல் விளிம்பு காலை அழுத்தி மரத்துப்போகச் செய்யும். அல்லது முன்னால் நகர்ந்து, சாய்மானம் இருந்தும் இல்லாதவராய் அமர்வீர்கள்.

மூன்றாவது, இடுப்புத் தாங்கல். சாய்மானத்தின் கீழ்ப்பகுதியில், இடுப்புவார் கட்டும் இடத்துக்கருகே, முன்னோக்கிய மெல்லிய புடைப்பு இருக்க வேண்டும். அது முதுகின் குழிவில் சரியாகப் பொருந்த வேண்டும். அதை ஏற்றி இறக்க முடியுமாயின் மிக நன்று. கடைக்காரர் நாற்காலியைப் பற்றிச் சொல்வதைக் காட்டிலும், இந்த ஓரிடத்தில் உங்கள் முதுகு சொல்வதைக் கேளுங்கள்.

நான்காவது, சாய்வு. குச்சிபோல் நிமிர்ந்து உட்காருவதே ஒழுக்கம் என்று நம் ஆசிரியர்கள் கற்பித்தனர். உண்மையில் நூறு முதல் நூற்றுப்பத்து பாகை வரை சற்றே பின்சாய்ந்து அமர்வதே முதுகுக்கு இதம். சாய்மானம் உங்களோடு அசைய வேண்டும். அதன் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கவும், வேண்டிய இடத்தில் நிறுத்தவும் வசதி வேண்டும்.

ஐந்தாவது, கைத்தாங்கி. தோள் தளர்ந்திருக்க, முழங்கை மடங்கி அதன்மேல் இலேசாகப் படிய வேண்டும். உயரமாயிருந்தால் தோள் தூக்கிக்கொள்ளும். தாழ்ந்திருந்தால் உடல் ஒருபக்கம் சரியும். மேசையின் கீழ் அது நுழையவில்லையெனில் நாற்காலி மேசையை நெருங்காது. மாற்றியமைக்க முடியாத கைத்தாங்கியைக் காட்டிலும் கைத்தாங்கி இல்லாததே மேல்.

ஆறாவது, கால். நாற்காலி என்றாலே நான்கு கால் உடையது என்பது பொருள். ஆனால் சுழலும் இருக்கைக்கு நான்கு போதாது. பக்கவாட்டில் சாய்ந்தால் கவிழ்ந்துவிடும். ஆகவே ஐந்து கிளையுள்ள அடிப்பாகமே பாதுகாப்பானது. பெயருக்கு நாற்காலி, உண்மையில் ஐங்காலி! நம் வீடுகளின் சிமெண்டு, ஓட்டுத் தரைகளுக்கு இரப்பர் போன்ற மென்மையான உருளைகள் ஏற்றவை. கடினமான உருளைகள் கம்பளத் தரைக்கு உரியவை. நம் தரையில் அவை வழுக்கி ஓடும்.

ஏழாவது, துணி. பெரம்பலூரிலும் அரியலூரிலும் சித்திரை வெயிலில் ரெக்சின் இருக்கை எப்படி இருக்கும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. காற்றுப் புகும் வலைத்துணிச் சாய்மானமே நம் ஊருக்கு ஏற்றது. 1994-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஏரான் என்னும் நாற்காலி வலைத்துணியால் உலகப் புகழ் பெற்றது. ஆனால் காற்றோடும் இருக்கை நமக்குப் புதிதன்று. நம் அரசு அலுவலகங்களில் இருந்த பிரம்பு பின்னிய நாற்காலிகளையும், பார்வையற்ற அன்பர்கள் அவற்றைத் தடவித் தடவிப் பிழையின்றிப் பின்னிக் கொடுத்ததையும் மூத்த வாசகர்கள் அறிவர். சுண்ணாம்புப் பாறையும் சிமெண்டு ஆலைகளும் உள்ள அரியலூர்ப் பக்கத்தில் தூசியும் ஒரு கணக்கு. கழுவித் துடைக்க எளிதான துணியா என்று பாருங்கள்.

இவற்றோடு, எத்தனை கிலோ எடை தாங்கும், எத்தனை ஆண்டு உத்தரவாதம், உருளையோ வாயு உருளையோ கெட்டால் உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும், பழுது பார்க்க ஆள் வருவாரா என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பணி நாற்காலிகளுக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஐ.எஸ். 17631 என்னும் தரத்தை வகுத்துள்ளது; அது குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கலாம். யார் அமரப்போகிறாரோ அவரையே கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். இருபது நிமிடமேனும் அமர்ந்து பார்க்கட்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குச் செல்லுங்கள். இணையவழி வாங்குவோர் திருப்பி அனுப்பும் விதியை முதலில் படியுங்கள். பழைய நாற்காலி வாங்குவோர் அதை உயர்த்தி வைத்துச் சிறிது நேரம் அமர்ந்து பாருங்கள். தானே மெல்ல இறங்கினால் வாயு உருளை தேய்ந்துவிட்டது என்று பொருள்.

பணக் கணக்கு

"ஒரு நாற்காலிக்குப் பன்னிரண்டாயிரமா?" என்று தந்தை கேட்கிறார். உழைத்துச் சேர்த்தவரின் கேள்வி அது. எள்ளி நகையாடத் தக்கதன்று. கணக்கிட்டுப் பார்ப்போம். பன்னிரண்டாயிரம் ரூபாய் நாற்காலி ஐந்தாண்டு உழைக்கிறது. ஆண்டுக்கு 250 நாள் வேலை எனில் 1,250 நாள். நாளொன்றுக்குப் பத்து ரூபாய்கூட ஆகவில்லை. ஏர் பிடிப்பவர்க்கு மாடும், ஓட்டுநர்க்கு வண்டியும் எப்படியோ, அமர்ந்து உழைப்பவர்க்கு நாற்காலியும் அப்படியே தொழிற்கருவி. மகளின் திருமணத்துக்கு இருபதாயிரம் ரூபாயில் மேடை அலங்காரம் செய்யத் தயங்காத நாம், அந்த மகளே குடும்பத்தைத் தாங்கும் நாளில் அவள் முதுகைத் தாங்கும் பொருளுக்குத் தயங்குதல் பொருந்துமா?

அதற்கும் வழியில்லாத வீடுகள் உண்டென்பதை நாம் மறக்கவில்லை. அவர்களுக்குச் சொல்வது இதுதான்: கட்டிலை விட்டு எழுங்கள். முதுகுள்ள மர நாற்காலியொன்றை எடுங்கள். துண்டைச் சுருட்டி இடுப்பின் குழிவில் வையுங்கள். இருக்கை தாழ்வாயின் மடித்த சமுக்காளத்தை இடுங்கள். நான்கைந்து தடித்த புத்தகங்களின் மேல் மடிக்கணினியை ஏற்றி, திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரச் செய்யுங்கள்; திரை ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கட்டும். தனி விசைப்பலகையும் சுட்டியும் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அவை சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். சன்னல் வெளிச்சம் முகத்துக்கு நேராகவோ முதுகுப்புறத்திலிருந்தோ வராமல் பக்கவாட்டில் வரட்டும். இவ்வளவு செய்தாலே பாதித் துன்பம் குறையும். ஊர்த் தச்சரிடம் உங்கள் முழங்கால் உயரத்தைச் சொல்லி, சாய்மானத்தைச் சற்றே பின்சாய்த்துச் செய்யச் சொன்னால், அதுவும் நல்ல நாற்காலியே.

எழுந்து நடங்கள்

இத்தனையும் சொன்ன பின், மற்றோர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். எவ்வளவு விலையுயர்ந்த நாற்காலியும் எழாதவனைக் காப்பாற்றாது. 1953-இல் ஜெரி மோரிஸ் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் இலண்டன் மாநகரப் பேருந்துத் தொழிலாளரை ஆராய்ந்த முடிவுகளை வெளியிட்டனர். மாடிப் பேருந்தில் நாள்முழுதும் படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநரைவிட, உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்க்கு இதயநோய் மிகுதியாயிருந்தது. ஒரே பேருந்து, ஒரே தெரு. வேறுபாடு உட்கார்ந்ததும் நடந்ததுமே. உலகச் சுகாதார நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வளர்ந்தோர் உட்காரும் நேரத்தைக் குறைத்து, வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது.

ஆதலின் அரைமணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள். தண்ணீர்க் குடத்தை மேசையருகே வைக்காமல் அடுப்படியிலேயே வையுங்கள். தாகம் உங்களை நடக்க வைக்கும். தொலைபேசி அழைப்பு வந்தால் நின்றுகொண்டு பேசுங்கள். மாலையில் ஏரிக்கரை வரை நடந்து வாருங்கள்.

வலி வந்துவிட்டவர்க்கு ஒரு சொல். கால் மரத்துப்போதல், பாதம் வலுவிழத்தல், சிறுநீர் மலம் அடக்க இயலாமை ஆகியவை தோன்றினால், எண்ணெயையும் நாற்காலியையும் நம்பியிராமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும், பெரம்பலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனையும் உள்ளன.

உட்காரும் உரிமை

நாற்காலியைப் பற்றிப் பேசுகையில், உட்காரவே விடப்படாத மக்களையும் நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம். நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் பலர் நகரத்துத் துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் காலை முதல் இரவு வரை நின்றபடியே உழைப்பவர்கள். வாடிக்கையாளர் இல்லாத வேளையிலும் அமரக் கூடாது என்பது பல கடைகளின் எழுதாச் சட்டமாயிருந்தது. காலில் நரம்பு புடைத்து, பாதம் வீங்கி வீடு திரும்பிய பிள்ளைகளை நாம் அறிவோம்.

கேரளத்துக் கோழிக்கோட்டில், மிட்டாய்த் தெருக் கடைகளில் உழைத்த பெண்கள், தையற்கலைஞரான விஜி என்பவரின் தலைமையில் பெண்கூட்டு என்னும் அமைப்பாய்த் திரண்டு உட்காரும் உரிமை கேட்டனர். பல ஆண்டுப் போராட்டத்தின் பயனாக 2018-இல் அம்மாநிலம் தன் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 6 அன்று தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் சட்டமன்றத்தில் அத்தகைய முன்வடிவைக் கொணர்ந்தார். 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்னும் புதிய பிரிவு அதன்வழிச் சேர்ந்தது. வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அமர்வதற்குத் தக்க இருக்கை எல்லா ஊழியர்க்கும் வேண்டும் என்பது அதன் சாரம். தொழிற்சாலைகளுக்கு இத்தகைய விதி 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவிலேயே இருந்தது. கடைப்பெண்ணுக்கு அது வந்து சேர எழுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. கடை வைத்திருக்கும் வாசகர்களே, உங்கள் கடையில் அந்த இருக்கை இருக்கிறதா? பிள்ளைகளைக் கடைப் பணிக்கு அனுப்பியுள்ள பெற்றோரே, அவர்கள் அமர்கிறார்களா என்று என்றேனும் கேட்டதுண்டா?

கடைக்குச் சட்டம் வந்துவிட்டது. வீட்டுக்குச் சட்டம் வராது. அங்கே நம் மனமே சட்டம். நம் இல்லங்களில் நல்ல நாற்காலி முதலில் விருந்தினர்க்கு, அடுத்துக் குடும்பத் தலைவருக்கு, பின்னர் மகனுக்கு என்று வரிசை உள்ளது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மருமகள், காலையில் சமைத்து முடித்து, ஒன்பது மணிக்கு அறைக்குள் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து கணினியைத் திறக்கிறாள். கூடத்தில் நல்ல நாற்காலி வெறுமையாய் இருக்கிறது. மாமனார் மாலையில் வந்து செய்தி பார்ப்பதற்கு அது. எவரும் அவளைத் தடுக்கவில்லை. ஆனால் எவரும் "இதில் உட்கார், அம்மா" என்று சொல்லவும் இல்லை. அந்த ஒரு சொல்லுக்காக ஓராண்டாய் அவள் முதுகு காத்திருக்கிறது. பக்கத்து வீட்டில் தையல் இயந்திரத்தின் முன் முதுகில்லாத முக்காலியில் அமர்ந்து, பள்ளிச் சீருடை தைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தாயின் நிலையும் இதுவே. மிதிப்பலகையில் பாதம் படிய, முதுகில் சாய்மானம் அமைய ஒரு நாற்காலி அவளுக்கு என்று எவர் கணக்கிட்டார்?

உட்கார்ந்திருப்பது வேலையாகாது என்று எண்ணும் பழக்கம் நம் உழவர் குடிகளில் இன்னும் இருக்கிறது. வெயிலில் வியர்வை சிந்தியவர்க்கு அது இயல்பான எண்ணமே. ஆனால் உட்கார்ந்து உழைப்பவரின் களைப்பு கண்ணுக்குத் தெரியாது. முதுகில் எழுதப்பட்டுப் பின்னாளில்தான் படிக்கப்படும்.

ஆகவே குடும்பத் தலைவர்களே, தலைவியரே! இன்றிரவு உணவுக்குப் பின் வீட்டைச் சுற்றி ஒருமுறை பாருங்கள். நம் வீட்டில் மிக நீண்ட நேரம் அமர்ந்து உழைப்பவர் யார்? அவர் எதில் அமர்கிறார்? விருந்தினர்க்கென ஒதுக்கிய நாற்காலி அவருக்குப் பொருந்துமா? பொருந்துமாயின் நாளைக் காலையே அதை அவரிடம் கொடுத்துவிடுங்கள். பொருந்தாவிடில், அவரையே உடன் அழைத்துச் சென்று, அவர் முழங்காலுக்கும் முதுகுக்கும் ஏற்ற ஒன்றைத் தேடிக் கொடுங்கள். விருந்தினர் அரைமணியில் எழுந்து போய்விடுவார். உழைக்கும் பிள்ளையோ நாளையும் அங்கேதான் அமரவேண்டும்.